அ.சா. 17

கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றத்தில்
டைப் அடிப்பவள் நான்.
யார் கூண்டேறினாலும் அவர்களுக்காக
'நான்' என்று அடிப்பேன்.
போன வாரம் நான்
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி இறக்கினேன்,
ஜீப்பில் திம்மராயனை ஏற்றியதைப் பார்த்தேன்.
அதற்கு முந்தைய வாய்தாவில் நான் அவன் மனைவி.
விடியற்காலை நாலு மணிக்கு
ஸ்டேஷன் வாசலில்
செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இன்று நான் எபினேசர், வயது அறுபத்தெட்டு,
ஓய்வுபெற்ற துணைக் கண்காணிப்பாளர்.
பத்தொன்பது வருடம் பயிற்சிப் பள்ளியில்
லத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

வெளியே கூழ் ஆலைக்கு வரிசையாக மாம்பழ டிராக்டர்.
ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் ஈ.
அய்யா திறக்கச் சொன்னார்.

முதல் விசாரணை.
லத்தி என்பது கூட்டத்தைத் தள்ள.
அடித்தே ஆகவேண்டுமென்றால் இடுப்புக்குக் கீழே,
சதை உள்ள இடத்தில்.
ஓடுகிறவனை அடிக்கக் கூடாது.
விழுந்தவனை அடிக்கக் கூடாது.
கையைக் கட்டிப்போட்டவனிடம்
பலப்பிரயோகம் என்ற பேச்சே இல்லை,
அதற்குப் பெயர் வேறு.
அந்தப் பெயரைச் சொன்னார்.
ஆட்சேபணை.
அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன்.

டாக்டர் எடுத்த படங்களைக் காட்டினார்கள்.
உருண்டைத் தடி வேகமாக இறங்கினால்
தண்டவாளம் மாதிரி இரண்டு சிவப்புக் கோடு,
நடுவே வெளுத்திருக்கும்.
பாறையில் வழுக்கி விழுந்தால் இப்படி விழாது.

இந்த ஊரில் பாறையில் விழாதவர் யார்?
என் முழங்காலிலும் ஒன்று உண்டு.
உருவமே இல்லாத தழும்பு.

எப்படி நின்று அடித்திருப்பார்கள், காட்ட முடியுமா?
சான்றுப்பொருள் 3.
நூலில் கட்டிய சீட்டு ஆட ஆட
கையில் வாங்கினார்.
காலை அகட்டி, இடது தோளை முன்னே விட்டார்.
வாயைத் திறக்கவே இல்லை.

டக்.

இரண்டாம் எதிரியின் குதிகால்கள் சேர்ந்துகொண்டன.
நெஞ்சு நிமிர்ந்து, கைகள் விலாவில் ஒட்டி.
அவருக்கே அது தெரியச் சற்று நேரமானது.
அப்புறம் சாதாரணமாக நிற்கப் பார்த்தார்,
லேசில் வரவில்லை.

இதை எந்தப் பத்தியில் அடிப்பது?
யாரும் சொல்லாததை நான் அடிப்பதில்லை.
கெம்பம்மா மட்டும்
அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(குற்றம் சாட்டப்பட்டவரை
எதிரி என்றுதான் எழுதுவோம்.
யாருக்கு என்று படிவம் கேட்பதில்லை.)

குறுக்கு விசாரணை.
சேலத்து வக்கீல், பந்திக்கு அழைக்கிற குரலில்.
இரண்டாம் எதிரி என்னிடம் பயின்றவர் என்றால் சரிதான்.
அவருக்கு லத்தியில் முதல் பரிசு கொடுத்தது
நான் என்றால் சரிதான்.
சம்பவ இடத்தில் நான் இல்லை என்றால் சரிதான்.
எத்தனை அடிவரை குறைந்தபட்ச பலம் என்று
எந்தப் புத்தகத்திலும் எண் போடவில்லை என்றால் சரிதான்.
பழைய மாணவன்மேல் உள்ள பகையில்
பொய் சாட்சி சொல்கிறேன் என்றால்

சரியல்ல.

அதற்கு முன்னால் தண்ணீர் கேட்டார்.
ஒரு தம்ளர் முழுதும் குடித்தார்.
அதையும் அடிக்கவில்லை.

மறு விசாரணை இல்லை.

காகிதத்தைப் படித்தார்.
முதல் பக்கத்திலேயே விரல் நின்றது.
கற்றுக்கொடுத்தேன் என்று அடித்திருக்கிறீர்களே அம்மா,
கற்றுக்கொடுத்ததாக நினைத்தேன்
என்றல்லவா சொன்னேன்?
அப்படி அவர் சொல்லவில்லை.
எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.
அய்யாவைப் பார்த்தேன்.
அய்யா கடிகாரத்தைப் பார்த்தார்.
சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்.
படித்துப் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்டார்.
வாய்தா ஆடிப்பெருக்கு கழித்து.

காவேரிப்பட்டணம் பஸ்ஸில்
விரலை நீவிக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்,
ரொம்ப அடியா?
பதினோரு பக்கம் என்றேன்.